கிரேட் ஓஷன் ரோட்டில் நண்பர்களோடு ஒரு வார இறுதி: முழுமையான வழிகாட்டி

மெல்பர்னிலிருந்து கிளம்பும் சுற்றுலாப் பேருந்துகள் கிரேட் ஓஷன் ரோட்டை ஒரே நாளில் முடித்துவிடும். காலையில் ஏற்றிக்கொண்டு இரவு கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். ட்வெல்வ் அப்போசல்ஸ் பாறைகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாதி நேரம் ஜன்னல் வழியாகத்தான் கடல் தெரியும். பிடித்த இடத்தில் நிறுத்தச் சொல்ல முடியாது. நாலு நண்பர்கள் சேர முடிந்தால் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, இரண்டு நாளாகப் போய், நடுவில் ஓர் இரவை அந்தக் கரையிலேயே கழியுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். அந்த இரவை எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டால், மற்ற எல்லா முடிவுகளும் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

சாலை டோர்க்கியில் தொடங்கி வார்னம்பூலுக்கு அருகே அல்லன்ஸ்ஃபோர்டில் முடிகிறது. சுமார் 243 கி.மீ. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஏறத்தாழ 3000 சிப்பாய்கள், 1919 முதல் 1932 வரை, கடப்பாரையும் மண்வெட்டியும் குதிரை வண்டியும் வெடிமருந்தும் கொண்டு மலையோரத்தை வெட்டி அமைத்தது இது. போரில் இறந்துபோன தோழர்களுக்கு நினைவுச் சின்னமாகவே கட்டினார்கள். உலகின் மிகப் பெரிய போர் நினைவுச் சின்னம் என்று இதைச் சொல்வதற்குக் காரணம் அதுதான். திட்டத்தை முன்னின்று நடத்திய ஜிலோங் நகரத் தலைவர் ஹோவர்டு ஹிட்ச்காக், 1932 நவம்பர் திறப்பு விழாவுக்குச் சில மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். விழா ஊர்வலத்தில் ஆளுநரின் காருக்குப் பின்னால் அவருடைய காரை ஓட்டிவந்தார்கள். வளைவுகளில் போகும்போது இது நினைவில் இருந்தால் சாலை வேறு மாதிரி தெரியும்.

1. தேதி

என் முதல் தேர்வு மார்ச் மாதம். வெயில் தணிந்திருக்கும், பள்ளி விடுமுறைக் கூட்டம் போயிருக்கும், பகல் இன்னும் நீளமாக இருக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் சூரியன் மறைய இரவு எட்டே முக்கால் போல ஆகும். அது பெரிய வசதிதான், ஆனால் அறை வாடகை எகிறிவிடும், வழியில் வரும் லோர்ன் ஊரில் கார் நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும். ஜூன், ஜூலையில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். குளிர் காற்று முகத்தில் அறையும். ஆனாலும் அந்த மாதங்களில் வார்னம்பூலின் லோகன்ஸ் கடற்கரைக்குத் திமிங்கலங்கள் குட்டி போட வரும். அதற்காகவே போகிறவர்கள் உண்டு.

ஈஸ்டர் வார இறுதியையும், மார்ச்சில் வரும் தொழிலாளர் தின நீள் விடுமுறையையும், நவம்பர் தொடக்கத்தில் வரும் மெல்பர்ன் கப் வார இறுதியையும் தவிர்த்துவிடுங்கள்.

கோடையில் இன்னொரு விஷயம் காட்டுத்தீ. 2015 கிறிஸ்துமஸ் நாளில் வை ரிவர், செப்பரேஷன் கிரீக் என்ற இரண்டு சிற்றூர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்துபோயின. இந்தச் சாலையில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காடு. வெளியேற வழிகள் குறைவு. அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாளும் அன்று காலையும் விக்எமர்ஜென்சி என்ற அவசர எச்சரிக்கைச் செயலியைப் பாருங்கள். தீ அபாயம் மிக அதிகம் என்று அறிவித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பெருமழைக்குப் பிறகு மண் சரிந்து சாலையை மூடுவதும் உண்டு. அவசர உதவிக்கான எண் 000.

2. யார் யார், யார் ஓட்டுவது

ஒரு காருக்கு நாலு பேர் என்பதுதான் சரியான கணக்கு. ஐந்தாவது ஆள் பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து, லோர்னிலிருந்து அப்பல்லோ பே வரை வளைவுக்கு வளைவு இரண்டு பக்கமும் சாய்ந்துகொண்டே வரவேண்டும். ஐந்து பேர் என்றால் பெரிய காராக எடுங்கள். ஆறு பேருக்கு மேல் போனால் இரண்டு கார்.

குறைந்தது இரண்டு பேராவது ஓட்டவேண்டும். இரண்டு பேரின் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது இடித்துவிட்டால் காப்பீடு செல்லாது. கூடுதல் ஓட்டுநருக்குச் சில நிறுவனங்கள் கொஞ்சம் பணம் கேட்கும். அதைக் கொடுத்துவிடுங்கள். 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தனிக் கட்டணம் இருப்பது வழக்கம் என்பதால் முன்பதிவின்போதே வயதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர்களுக்குள் மனத்தாங்கல் பெரும்பாலும் பணத்திலும் தூக்கத்திலும்தான் வரும். அதனால் கிளம்பும் முன்பே ஒரு குரூப் அழைப்பில் நாலு விஷயங்களைப் பேசிவிடுங்கள்: காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், சாப்பாட்டில் யாருக்கு என்ன ஆகாது, அறையை யார் யார் பகிர்ந்துகொள்வது, நேரம் போதாவிட்டால் எந்த இடத்தை விட்டுவிடலாம். கடைசிக் கேள்விதான் முக்கியம். சாலையோரத்தில் காரை நிறுத்திக்கொண்டு அதை விவாதிக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது. பணத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று முதலிலேயே ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பெட்ரோல், அறை, பொதுச் சாப்பாடு மூன்றையும் அதிலிருந்து செலவு செய்யுங்கள். தனக்கென்று வாங்குவது அவரவர் பணம்.

3. உரிமமும் காரும்

சுற்றுலா விசாவில் வந்தவர்கள் தங்கள் ஊர் ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு விக்டோரியா மாநிலத்தில் ஓட்டலாம். அசல் அட்டை கையில் இருக்கவேண்டும், அதில் ஆங்கிலம் இருக்கவேண்டும். தமிழ்நாட்டு உரிம அட்டையில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் பிரச்சினை வராது. இருந்தாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இந்தியாவில் ஆர்டிஓ அலுவலகத்திலும் இலங்கையில் ஆட்டோமொபைல் அசோசியேஷனிலும் ஊரை விட்டுக் கிளம்பும் முன் வாங்கவேண்டியது அது. இங்கேயே ஆறு மாதத்துக்கு மேல் தங்கிவிட்ட மாணவர்களும் வேலைக்கு வந்தவர்களும் விக்டோரியா உரிமத்துக்கு மாறியிருக்கவேண்டும்.

இடது பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கமானதுதான். பழக்கமில்லாதவை வேறு. ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே இருக்கும் வண்டிக்கு வழி விடவேண்டும். ட்ராம் நின்று ஆட்களை இறக்கும்போது அதைத் தாண்டிப் போகக் கூடாது. மெல்பர்ன் நகர மையத்தில் சில சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்புவதற்கு இடது ஓரத்தில் போய்க் காத்திருக்கவேண்டும். இதையெல்லாம் முதல் நாள் காலையில் கற்றுக்கொள்வதைவிட, விமான நிலையத்திலோ மேற்குப் புறநகரிலோ காரை எடுப்பது நல்லது. விமான நிலையத்திலிருந்து ரிங் ரோடு வழியாகப் போய் ஜிலோங் நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். சுங்கக் கட்டணமும் இல்லை. நகரத்துக்குள்ளிருந்து வருகிறவர்களுக்கு வெஸ்ட் கேட் பாலம் இலவசம். சிட்டிலிங்க் சாலையில் ஏறினால் பணம் உண்டு, அதோடு வாடகை நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணமும் சேர்க்கும்.

காரை எடுக்கும்போது கடன் அட்டையில் பிணைத்தொகை பிடித்துவைப்பார்கள். சாதாரண ஒப்பந்தத்தில், விபத்து என்றால் முதல் பல ஆயிரம் டாலர் உங்கள் தலையில். அதைக் குறைக்கத் தனிக் காப்பீடு விற்பார்கள். உங்கள் பயணக் காப்பீட்டில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். கவுன்டரில் வரிசை நிற்கும்போது சிந்திக்க நேரம் இருக்காது. கிளம்பும் முன் காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். சக்கர விளிம்பும் முன் கண்ணாடியும் கட்டாயம் அதில் தெரியவேண்டும்.

வேகக் கட்டுப்பாட்டை இங்கே யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கேமராக்கள் ஏராளம். ஓட்டுபவர் கைபேசியைத் தொட்டாலும், பின் சீட்டில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டாலும் அபராதம் கனமாக வரும். முழு உரிமம் உள்ளவர்களுக்கு இரத்தத்தில் மது அளவு 0.05க்குக் கீழே இருக்கவேண்டும் என்பது சட்டம். ஓட்டுபவர் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

4. அந்த ஓர் இரவு

இரண்டு ஊர்கள்தான் போட்டியில்: அப்பல்லோ பே, போர்ட் கேம்ப்பெல். அப்பல்லோ பே சாலையின் நடுவில் இருக்கிறது, கடைகள் அதிகம், அகலமான கடற்கரை. போர்ட் கேம்ப்பெல் சிறியது. ஆனால் ட்வெல்வ் அப்போசல்ஸிலிருந்து 12 கி.மீ.தான்.

அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்தியிருக்கும் காலத்தில், போர்ட் கேம்ப்பெலில் தங்குங்கள். பகல் வெளிச்சம் அங்கே போய்ச் சேரப் போதும். சுற்றுலாப் பேருந்துகளில் பெரும்பாலானவை மாலைக்குள் மெல்பர்னை நோக்கிக் கிளம்பியிருக்கும். சூரியன் மறையும்போதும் மறுநாள் விடியும்போதும் அந்தப் பாறைகள் முன்னால் அவசரமில்லாமல் நிற்கக் கிடைக்கும். ஒரே நாளில் வந்துபோகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த இரண்டு வேளையும் கிடைக்காது. குளிர்காலத்தில் இதையே முயன்றால் காட்டுச் சாலையை இருட்டில் கடக்கவேண்டியிருக்கும். அப்போது அப்பல்லோ பேயில் தங்கிவிட்டு, அப்போசல்ஸை ஞாயிறு முற்பகலுக்கு வையுங்கள்.

வார இறுதியில் பல விடுமுறை வீடுகள் இரண்டு இரவுக்குக் குறைந்து தரமாட்டார்கள். ஓர் இரவுக்கு மோட்டலோ, கேரவன் பார்க்கில் இருக்கும் கேபினோ தேடுங்கள். நாலு பேருக்குச் சமையல் மேடையோடு ஒரு கேபின் கிடைத்தால் அதைவிட வசதி இல்லை. சின்ன ஊர்களில் வரவேற்பு மேசையைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள். தாமதமாக வருவீர்கள் என்றால் முன்பே போன் செய்து சாவியை எங்கே வைப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

5. பையில் என்ன

மேற்குப் புறநகர்களான டார்னீட், ட்ருகனினா, பாயின்ட் குக் பகுதியில் இந்திய மளிகைக் கடைகளும் உணவகங்களும் நிறைய உண்டு. ஜிலோங்கைத் தாண்டிவிட்டால் அந்த வசதி வேகமாகக் குறையும். சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கரையோர ஊர்களில் உருளைக்கிழங்கு வறுவல், பீட்சா, சாலட் என்று சுருங்கிவிடும். வெள்ளிக்கிழமை இரவே புளிசாதம் கிளறி வைத்துவிட்டால் சனிக்கிழமை மதியக் கவலை தீர்ந்தது. லோர்ன், அப்பல்லோ பே இரண்டிலும் கடற்கரையை ஒட்டிய புல்வெளியில் பொதுமக்களுக்கான மின்சார பார்பிக்யூ அடுப்புகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் தட்டு சூடாகும், காசு கிடையாது. பனீர், சோளம், கோழி எதுவானாலும் மசாலா தடவிக் கொண்டுபோய்ச் சுட்டுக்கொள்ளலாம். முடித்ததும் தட்டைத் துடைத்துவிட்டு வருவது இங்கே எல்லோரும் செய்வது.

ஊரிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விமானத்தில் கொண்டுவரும் உணவுப் பொருள் எதுவானாலும், பொடி, ஊறுகாய், பால் இனிப்பு எல்லாமே, இறங்கும் முன் நிரப்பும் படிவத்தில் சொல்லிவிடுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டால் அங்கேயே அபராதம்.

காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கோடையிலும் வேண்டும். காலையில் வெயில், மதியம் மழை, மாலை குளிர் என்று ஒரே நாளில் எல்லாம் வரும். மேகம் இருந்தாலும் வெயில் தோலைச் சுடும், சன்ஸ்க்ரீன் தடவாமல் இறங்காதீர்கள். வளைவுகளில் தலைசுற்றும் ஆட்கள் முன் சீட்டில் உட்காரட்டும், மாத்திரையை மெல்பர்ன் மருந்துக் கடையிலேயே வாங்கிக்கொள்ளட்டும். அந்த மாத்திரைகளில் பல தூக்கம் வரவைக்கும் என்பதால் ஓட்டுபவர் போடக் கூடாது. லோர்னுக்கு அப்பால் கைபேசி சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், ஓட்வே காட்டுக்குள் பல இடங்களில் இருக்காது. வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வையுங்கள். நாலு பேரில் ஒருவரிடமாவது டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் சிம் இருந்தால் நல்லது.

6. சனிக்கிழமை

காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். டோர்க்கி சுமார் 100 கி.மீ., எட்டு மணிக்குள் போய்விடலாம். ரிப் கர்ல், குயிக்சில்வர் என்ற இரண்டு அலைச்சறுக்கு நிறுவனங்களும் 1969ல் பிறந்த ஊர் இது. ஒரு காபி குடித்துவிட்டு, பெல்ஸ் பீச் மேட்டில் கால் மணி நேரம் நின்று, அலைமேல் பலகையில் வருகிறவர்களைப் பாருங்கள். ஊருக்குள் சுற்றவேண்டாம், முன்னால் நிறைய இருக்கிறது.

மேற்கு நோக்கிப் போகும்போது கடல் உங்கள் இடப்பக்கம். நாம் ஓட்டுவதும் இடப்பக்கம். அதனால் பார்வை மேடைகளுக்குள் நேராகத் திரும்பி நுழையலாம், எதிர் வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்கவேண்டாம். டோர்க்கியிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். பின்னால் கார்கள் சேர்ந்துவிட்டால், மெதுவாகப் போகிறவர்கள் ஒதுங்குவதற்கென்று வைத்திருக்கும் இடத்தில் ஒதுங்கி அவர்களைப் போக விடுங்கள். பார்வை மேடை இல்லாத இடத்தில் படத்துக்காக நிறுத்தவே கூடாது, வளைவுக்குப் பின்னால் வருகிறவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளிலிருந்து வந்தவர்கள் குழம்பி எதிரே வருவதும் உண்டு. அதற்காகவே சாலையில் அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள்.

ஏரீஸ் இன்லெட்டில் 1891ல் கட்டிய ஸ்ப்ளிட் பாயின்ட் கலங்கரை விளக்கம், வெள்ளைக் கோபுரம், சிவப்புத் தலை. இருபது நிமிடம் போதும். அதைத் தாண்டி ஈஸ்டர்ன் வியூவில் சாலைக்குக் குறுக்கே மரத்தாலான நினைவு வளைவு நிற்கும். 1983 காட்டுத்தீயில் எரிந்த பிறகு மறுபடி கட்டியது. பக்கத்தில் சாலை வெட்டிய சிப்பாய்களின் வெண்கலச் சிலை. இங்கே இறங்கி அந்தப் பலகைகளைப் படியுங்கள். இதற்கு அப்புறம்தான் சாலை கடலைத் தொட்டுக்கொண்டு ஓடத் தொடங்கும்.

லோர்னில் பதினொரு மணி. இங்கே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்: காட்டுக்குள் 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எர்ஸ்கின் அருவி, அல்லது ஊருக்கு மேலே டெடீஸ் லுக்அவுட். மழை பெய்த வாரமாக இருந்தால் அருவி. இல்லாவிட்டால் லுக்அவுட். கீழே ஆறு கடலில் சேரும் இடத்தில் சாலை வளைந்து போவதை அங்கிருந்து முழுசாகப் பார்க்கலாம். மதியச் சாப்பாடு கடற்கரைப் புல்வெளியில்.

குளிக்க ஆசைப்படுகிறவர்கள் லோர்னிலேயே, சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். கொடி நட்டிருந்தால் உயிர்காப்பாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கொடி இல்லாத கடற்கரையில் முழங்காலுக்கு மேல் போகவேண்டாம். இந்தக் கரையில் ஆளைக் கொல்வது பெரிய அலை இல்லை, இழுப்பு நீரோட்டம். கரைக்கு வந்த அலைநீர் ஏதோ ஒரு பள்ளத்தின் வழியாகத் திரும்பக் கடலுக்கு ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது, நீர் கறுப்பாக, அமைதியாகத் தெரியும். தெரியாதவர்கள் அதையே பாதுகாப்பான இடம் என்று நினைத்து இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், சோர்ந்துவிடுவீர்கள். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். நீச்சல் குளத்தில் மட்டும் பழகிய நண்பரிடம் இதைத் தண்ணீரில் இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

லோர்னிலிருந்து அப்பல்லோ பே 45 கி.மீ.தான், ஆனால் ஒரு மணி நேரம் ஆகும். முழுப் பயணத்திலும் அழகான பகுதி இதுதான், அவசரமே படவேண்டாம். கென்னட் ரிவரில் கிரே ரிவர் ரோடு என்ற மண் சாலையில் நடந்து போய் யூகலிப்டஸ் கிளைகளைப் பாருங்கள், கோவாலாக்கள் தூங்கிக்கொண்டிருக்கும். கிளிகளுக்குத் தீனி போடவேண்டாம். கேப் பாட்டன் மேட்டில் கட்டாயம் நில்லுங்கள். 1924ல் கேசினோ என்ற நீராவிக் கப்பல் இங்கே தரைதட்டி, பாரத்தைக் குறைக்க 500 பீப்பாய் பியரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளியது. சாலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அதை அள்ளிக்கொண்டு இரண்டு வாரம் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்பது இந்தச் சாலையின் வரலாற்றில் சொல்லப்படும் கதை.

அப்பல்லோ பேயில் பெட்ரோல் நிரப்புங்கள். அசைவம் சாப்பிடுபவர்கள் பேக்கரியில் கறி மசாலா சேர்த்த ஸ்காலப் பை வாங்கிச் சாப்பிடலாம், சிப்பி வகை அது. அடுத்த நாள் காலைக்கான ரொட்டி, பால், பழமும் இங்கேயே வாங்கிவிடுங்கள், போர்ட் கேம்ப்பெலில் கடை சின்னது.

இதற்குப் பிறகு சாலை கடலை விட்டுக் காட்டுக்குள் போகும். மெய்ட்ஸ் ரெஸ்ட்டில் அரை மணி நேர நடைபாதை. மர மேடைமேல் நடந்தால் ஆள் உயரத்துக்கும் மேலான பெரணிச் செடிகள், பாசி படிந்த பெருமரங்கள். கடல் வெளிச்சத்திலிருந்து இந்தப் பச்சை இருட்டுக்குள் நுழைவதே தனி அனுபவம். கேப் ஓட்வே கலங்கரை விளக்கம், 1848ல் ஏற்றியது, ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. ஆனால் அதற்குப் பிரதான சாலையிலிருந்து 12 கி.மீ. உள்ளே போய் அதே வழியில் திரும்பவேண்டும். போர்ட் கேம்ப்பெலில் தங்குபவர்கள் அதை விட்டுவிடுங்கள். அப்பல்லோ பேயில் தங்குபவர்கள் ஞாயிறு காலை முதல் வேலையாக அங்கே போகலாம்.

போர்ட் கேம்ப்பெலில் தங்குபவர்கள் நேராக அறைக்குப் போய் சாவியை வாங்கி, முதலில் சாப்பிட்டுவிடுங்கள். உணவகங்களில் எட்டு, எட்டரைக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அப்புறம் திரும்பி 12 கி.மீ. ஓட்டி, சூரியன் மறைய முக்கால் மணி நேரம் இருக்கும்போது ட்வெல்வ் அப்போசல்ஸ் மேடைக்குப் போய்ச் சேருங்கள். காரை நிறுத்திவிட்டுச் சாலைக்கு அடியில் இருக்கும் சுரங்க நடைபாதை வழியாகப் போகவேண்டும்.

பாறைகள் பன்னிரண்டு எப்போதும் இருந்ததில்லை. அலை சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து குகையாக்கும், குகை இரண்டு பக்கமும் திறந்து வளைவாகும், வளைவின் மேற்கூரை விழுந்தால் தனித் தூண் நிற்கும். அந்தத் தூணும் அடியில் அரிக்கப்பட்டு ஒரு நாள் விழும். 2005 ஜூலையில் ஒன்று அப்படித்தான் நொடிகளில் சரிந்தது. வேலியைத் தாண்டி விளிம்புக்குப் போகவேண்டாம் என்று எழுதி வைத்திருப்பதன் காரணமும் இதுதான், நீங்கள் நிற்கும் பாறையும் அதே பாறை. சூரியன் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். வெளிச்சம் மங்கிய பிறகு கீழே மணலில் சிறிய பென்குயின்கள் கடலிலிருந்து கூட்டமாக ஏறி வரும். டார்ச் அடிக்காமல், ஃபிளாஷ் போடாமல் பாருங்கள். பைனாகுலர் இருந்தால் மிக நல்லது.

திரும்பும் 12 கி.மீ.யில் கங்காருவும் வாலபியும் குறுக்கே பாயலாம். மெதுவாகப் போங்கள். பாய்ந்துவிட்டால் பிரேக் பிடியுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள்.

7. ஞாயிற்றுக்கிழமை

எழ முடிந்தவர்கள் விடியலுக்குக் கிப்சன் ஸ்டெப்ஸ் போங்கள். பாறையில் வெட்டிய 86 படிகள் இறங்கினால் கடற்கரை. மேடையிலிருந்து பார்த்த பாறைகள் எவ்வளவு உயரம் என்பது இங்கே மணலில் நிற்கும்போதுதான் உறைக்கும். கடல் கொந்தளிப்பாக இருந்தால் படியை மூடிவிடுவார்கள். இங்கே குளிக்கவே கூடாது.

அப்புறம் லாக் ஆர்ட் கோர்ஜ். ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். 1878 ஜூன் 1 அதிகாலை, இங்கிலாந்திலிருந்து மூன்று மாதம் பயணம் செய்து மெல்பர்னை நெருங்கிய லாக் ஆர்ட் என்ற பாய்மரக் கப்பல் பக்கத்துத் தீவில் மோதி உடைந்தது. கப்பலில் 54 பேர். பிழைத்தவர்கள் இரண்டே பேர், இருவருக்கும் இருபது வயதுகூட ஆகவில்லை. டாம் பியர்ஸ் கப்பலில் வேலை பழகிக்கொண்டிருந்த பையன். அலை அவனை இந்தக் குடாவுக்குள் தள்ளியது. கரையேறிய பிறகு, தண்ணீரில் ஒரு பெண் கத்தும் குரல் கேட்டுத் திரும்ப நீந்திப் போய் ஈவா கார்மைக்கேலை இழுத்து வந்தான். அந்தக் கப்பலில் வந்த ஈவாவின் குடும்பத்தினர் எல்லோரும் இறந்துவிட்டார்கள். அவளைக் குகையில் கிடத்திவிட்டு, செங்குத்துப் பாறையில் ஏறிப் போய் உதவி கொண்டுவந்தான். படி இறங்கி அந்த மணலில் நின்று, இரண்டு பக்கமும் எழும் சுவர்களையும் நடுவில் தெரியும் குறுகலான கடல்வாயையும் பாருங்கள். மேலே கல்லறைகள் இருக்கின்றன. 2009ல் இடிந்த ஒரு பாறை வளைவின் எஞ்சிய இரண்டு தூண்களுக்கு டாம், ஈவா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

போர்ட் கேம்ப்பெலில் மதியச் சாப்பாடு. பிறகு மேற்கே சில நிமிடத்தில் லண்டன் பிரிட்ஜ். 1990 ஜனவரியில் கரையோடு இணைந்திருந்த வளைவு திடீரென்று விழ, அந்தப் பக்கம் நின்றிருந்த இருவரை ஹெலிகாப்டர் வந்து மீட்டது. பக்கத்திலேயே க்ரோட்டோ என்ற பாறைக் குடைவு. பீட்டர்பரோவைத் தாண்டி பே ஆஃப் ஐலண்ட்ஸ், இங்கே கூட்டமே இருக்காது. ஒருவர் களைத்துப்போயிருந்தாலும் இவற்றில் எதையும் தயங்காமல் விட்டுவிடலாம்.

8. திரும்புதல்

வந்த வழியில் திரும்பவேண்டாம். போர்ட் கேம்ப்பெலிலிருந்து உள்நாட்டுச் சாலையில் கோலாக், ஜிலோங் வழியாக மெல்பர்ன் சுமார் மூன்று மணி நேரம். வழியில் டிம்பூனில் ஐஸ்கிரீம் நன்றாக இருக்கும். மூன்று மணிக்குள் கிளம்பிவிட்டால் மாலைக் கருக்கலில் விலங்குகள் நடமாடும் நேரத்துக்கு முன் பெரிய நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். கோலாக்கில் ஓட்டுநர் மாறுங்கள், கண் சொக்காவிட்டாலும் மாறுங்கள். வார்னம்பூல் வரை போய்த் திமிங்கலம் பார்க்கிறவர்கள் மதியமே அங்கே இருக்கவேண்டும். அங்கிருந்து பிரின்சஸ் நெடுஞ்சாலை நேராக மெல்பர்ன் கொண்டுவந்து விடும்.

காரை விடும் முன் பக்கத்து பங்க்கில் பெட்ரோல் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி ஒரு வீடியோ. சீட்டுக்கு அடியில் கை விட்டுப் பார்க்க ஒருவரை நியமியுங்கள், சார்ஜரும் கண்ணாடியும் அங்கேதான் கிடக்கும். பிணைத்தொகை அட்டைக்குத் திரும்ப வரச் சில நாள் ஆகும், வேகக் கேமரா அபராதமோ சுங்கக் கட்டணமோ அதற்குப் பிறகும் வரலாம். பொதுப் பணத்தில் மீதி இருந்தால் ஒரு மாதம் கழித்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.